கம்பி வழியாக வந்த இடி

என் வலது காதில் ஒரு சத்தம் இருக்கிறது. டியூப்லைட்டில் சோக் கெட்டுப்போனால் இரையுமே, அந்தச் சத்தம். அதோடு ஒரு சில்வண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதத்தில் ஆரம்பித்தது. இதை எழுதும்போதும் இரைந்துகொண்டுதான் இருக்கிறது. எழுதினால் குறையும் என்று யாரோ சொன்னதற்காக எழுதவில்லை. கோபம் இருக்கிறது, எழுதுகிறேன்.

அப்போது நான் டெலிபோன் ஆபரேட்டர். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் வேலை. ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன். அங்கே என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்று பெயர்தான் பெரிது. ஓட்டு வீடு ஒன்று. முன்னறையில் கவுன்டர், உள்ளறையில் போர்டு, பின்னால் பேட்டரி அறை.

போர்டு என்றால் ஆள் உயர மரப்பெட்டி. ஊரில் போன் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஓட்டை, அதற்கு மேல் கட்டைவிரல் நகத்தளவு ஒரு ஷட்டர். அவர்கள் வீட்டில் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே ஷட்டர் விழும். நான் வயரைச் செருகிக் கேட்பேன், எந்த நம்பர் வேண்டும் என்று. வெளியூர் பேச வேண்டுமானால் திருச்சிக்குப் போகும் டிரங்க் லைனில் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த லைன் என்பது இரண்டு கம்பி. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு, குன்னம் வழியாகப் பெரம்பலூர் போய், அங்கிருந்து திருச்சி போகும். வழியெல்லாம் கரிசல் காடு. பருத்தி, சோளம், வெங்காயம். மழையை நம்பி விதைத்த வெட்டவெளி. மரம்கூட அதிகம் கிடையாது. அந்தக் காட்டில் உயரமாக நின்றது எங்கள் கம்பங்கள்தான்.

காதில் மாட்டும் ஹெட்செட்டுக்கு அந்தக் காலத்தில் ஒரு பக்கம்தான் குமிழ். எல்லாரும் வலது காதில்தான் மாட்டுவோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். அம்மா வெங்காயம் நட, களை வெட்டப் போனவள். எங்கள் தெருவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் பெண் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதற்குச் சொல்கிறேன்.

ஆபீசில் எங்களுக்கு மேலே ஒருவர் இருந்தார். இன்சார்ஜ். சார் என்போம். என்னைத் தவிர இன்னொரு ஆபரேட்டர் அக்கா. புருஷன் செத்த பிறகு அவர் பார்த்த வேலைக்குப் பதிலாக வேலை கிடைத்தவள், மூன்று பிள்ளைகள். அப்புறம் ஒரு லைன்மேன். வேறு ஆட்கள் வந்து போவார்கள், அவர்கள் இந்தக் கதைக்கு வேண்டாம்.

இடி மின்னலின்போது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு டிரங்க் லைனின் பிளக்கை உருவிவிட வேண்டும் என்று இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள் சுவரில் தொங்கியது. எல்லாருக்கும் படிக்கத் தெரியும். ஆனால் எங்கள் பக்கம் இடி இல்லாத மழை ஏது? சித்திரை, வைகாசியில் கோடை மழை இடியோடுதான் வரும். ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசி வரைக்கும் சாயங்காலம் ஆனால் மேற்கே உறுமும். ஒவ்வொரு உறுமலுக்கும் லைனை உருவினால் பருத்தி மண்டிக்காரர்கள் ஆபீசுக்கே வந்து சத்தம் போடுவார்கள். அதனால் சார் தானே ஒரு வழி வைத்திருந்தார்.

இடி இடித்தால் அர்ச்சுனன் பேரைச் சொல்வது எங்கள் ஊர்ப்பக்கம் வழக்கம். சொன்னால் இடி தலையில் விழாது. சார் அதை ஆபீஸ் வேலையாக்கிவிட்டார். மின்னல் வெட்டினதும் வாசலில் நின்று "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பிப்பார். பத்து தடவை சொல்லி முடிப்பதற்குள் இடிச் சத்தம் வந்தால் இடி கிட்டே இருக்கிறது, கழற்றலாம். பத்தைத் தாண்டினால் தூரத்தில் இருக்கிறது, உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாமி பேரும் ஆயிற்று, கணக்கும் ஆயிற்று. நானே சில நாள் அவரோடு சேர்ந்து சொல்லியிருக்கிறேன்.

அந்தப் புரட்டாசி மத்தியானம் எங்கள் ஊரில் வெயில் அடித்தது. மேற்கே மட்டும் கறுத்திருந்தது. மண்டிக்காரர் ஒருவருக்குத் திருச்சியோடு பேச்சு போய்க்கொண்டிருந்தது. பேச்சு நடக்கும்போது லைன் அறுந்துவிட்டதா என்று நடுநடுவே நான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தூரத்தில் ஒரு வெட்டு. சார் வாசலில் நின்று அர்ச்சுனன் பேரைச் சொன்னார். பத்தைத் தாண்டியும் சொல்லிக்கொண்டே இருந்தார். உறுமல் மெதுவாக வந்தது. உட்காரும்மா என்றார். உட்கார்ந்தேன். அடுத்த வெட்டில் காய்ந்த பனைமட்டையைக் காதுக்குள் வைத்து முறித்த மாதிரி ஒரு சத்தம். நான் நாற்காலியோடு சாய்ந்தேன்.

எழுப்பி சோடா கொடுத்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சார் சிரித்தார். லைன்ல லேசா கிளிக் வந்திருக்கும், இதுக்குப் போயி விழுந்துட்டியேம்மா என்றார். மூன்று டிரங்க் கால் காத்திருக்கிறது, டீ குடித்துவிட்டு வந்து உட்கார் என்றார். நானும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது, யார் பேசுவதும் விளங்கவில்லை. குமிழை இடது காதுக்கு மாற்றினேன். அன்றிலிருந்து இடது காதுதான் சோறு போட்டது.

பஞ்சு நாலைந்து நாளில் விலகியது. சத்தம் விலகவில்லை.

முதலில் வீட்டு விளக்கு என்று நினைத்தேன். போய் அணைத்தேன். என் வீட்டுக்காரர், "விளக்கே எரியலையே, எதை அணைக்கற?" என்று கேட்டார். அவர் எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை. நாள் முழுதும் மிஷின் சத்தத்தில் நிற்பவர். எனக்கும்தான் ஆலைச் சத்தம் காதுல நிக்கும், தூங்கினா போயிடும் என்றார். நான் தூங்கினால்தானே. எல்லாச் சத்தமும் அடங்கின பிறகு அது ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். அவர் எனக்கு வலது பக்கம் படுப்பார். ஏதாவது சொல்வார், எனக்குக் கேட்காது. பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்வார். மறுநாள் பேச மாட்டார். இப்படி எத்தனை சண்டை. இடத்தை மாற்றிப் படுக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே வெகுநாள் தோன்றவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. அம்மா வந்து நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் விடச் சொன்னாள், ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தும் கொடுத்தாள். ஒருவர் வெற்றிலைச் சாறு என்றார். ஒருவர் கோயிலுக்கு வெள்ளியில் காது செய்து போடச் சொன்னார். எல்லாம் செய்தேன். எண்ணெய் ஊற்றினதில் காது அடைத்து, அதைச் சுத்தம் செய்ய ஒரு தனி வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

திருச்சியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கவட்டை மாதிரி ஓர் இரும்பைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். விளக்கு அடித்துப் பார்த்தார். காது நன்றாக இருக்கிறது, நரம்புத் தளர்ச்சி என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். கல்யாணம் ஆகி எவ்வளவு நாள் ஆகிறது, குழந்தை உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு நோய் விளங்கிவிட்டது.

"ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறகு நான் இரண்டு பெற்றேன். சத்தத்துக்கு அது தெரியவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மழை எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. அதன்மேல் மழை கொட்டினால் காதுச் சத்தம் கரைந்துவிடும். அந்த நேரம் எனக்குத் தலை காலியாகிவிட்ட மாதிரி இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். ஆனால் எங்கள் ஊர் மழை தனியாக வருமா? தலைக்கு மேலே ஒரு இடி இடித்தால் போதும், நாலு நாளைக்குச் சத்தம் இரண்டு மடங்காக ஏறிவிடும். மருந்தையும் விஷத்தையும் ஒரே கரண்டியில் கொடுத்த மாதிரி. மழை இல்லாத நாளில் ரேடியோவை ஸ்டேஷன் வராத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு கேட்பேன். அந்தக் கரகரப்பு கொஞ்சம் உதவும். பாட்டு வைக்கத் தெரியலியா ஒங்களுக்கு என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். தெருவில் பேச்சாகிவிட்டது.

ஆபீசில் ஆனது அதைவிட மோசம். லைனில் இரைச்சல் இருந்தால் புகார் எழுதி லைன்மேனை அனுப்புவது ஆபரேட்டர் வேலை. கம்பி தளர்ந்தாலும், கிளை உரசினாலும், கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்தாலும் லைன் இரையும். நான் டிரங்க் லைனில் காது வைத்தால் இரைகிறது. புகார் எழுதினேன். லைன்மேன் சைக்கிளில் போய்க் கம்பம் கம்பமாகப் பார்த்துவிட்டு லைன் சுத்தமாக இருக்கிறது என்றார். மறுநாள் மறுபடியும் இரைந்தது. மறுபடியும் எழுதினேன். இப்படியே போயிற்று. கார்த்திகைச் சேறு. சைக்கிளை அவர் மிதித்ததைவிடத் தோளில் தூக்கினதுதான் அதிகம்.

ஒரு நாள் முழங்கால் வரை கரிசல் மண்ணோடு நேராக உள்ளறைக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"ஏங்கம்மா, இப்ப லைன்ல எரைச்சல் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அந்த ஹெட்செட்டக் கழட்டுங்க."

கழற்றினேன்.

"இப்ப?"

சத்தம் அப்படியே இருந்தது. இடது காதில் லைனைக் கேட்டுக்கொண்டு, வலது காதில் இருந்ததை லைன் சத்தம் என்று எழுதியிருக்கிறேன். எந்தச் சத்தம் வெளியே இருக்கிறது, எந்தச் சத்தம் உள்ளே இருக்கிறது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போயிருந்தது.

"ஒங்க காதுல இருக்கற பூச்சியப் புடிக்க நான் குன்னம் வரைக்கும் சைக்கிள் தூக்கணுமா?"

அவர் கோபத்தில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்தவில்லை, டீக்கடையில் போய்ச் சொன்னார். ஒரு வாரத்தில் போன் பேசுகிறவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், ஏம்மா இன்னிக்குப் பூச்சி எப்படி இருக்கு என்று. மண்டிக்காரர் ஒருவர் லைனில் சில்வண்டு மாதிரி கத்திக் காட்டினார்.

அதே லைன்மேன்தான், பிறகு ஒரு நாள் வாசலில் பீடி பிடித்துக்கொண்டே, நான் விழுந்த நாளைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு அவர் குன்னத்துப் பக்கம் நின்றாராம். அங்கே பிளந்துகொண்டு கொட்டியதாம். எங்கள் லைன் கம்பம் ஒன்றில் இடி விழுந்து பீங்கான் தூள்தூளாகப் போயிற்றாம். "இங்க வந்து பாத்தா ஒரு பொட்டுத் தூறல் இல்ல. நீங்க மட்டும் விழுந்து சோடா குடிச்சீங்கன்னாங்க" என்று கேலி செய்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சார் எண்ணியது இடிக்கும் ஆபீஸ் வாசலுக்கும் உள்ள தூரம். இடி வாசலுக்கு வந்து காதில் ஏறவில்லை. கம்பியில் ஏறி வந்தது. கம்பி மைல் கணக்கில் காட்டில் கிடக்கிறது. அதன்மேல் எங்கே விழுந்தாலும் அதன் முனை என் காதில். அர்ச்சுனன் பேரை நூறு தடவை சொன்னாலும் குமிழ் காதில் இருக்கிறவரைக்கும் இடி கிட்டேதான்.

இதை சாரிடம் போய்ச் சொன்னேன். மேற்கே மின்னல் தெரிந்தாலே, சத்தம் வராவிட்டாலும், கழற்றிவிடுகிறேன் என்றேன். சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். எனக்கு மிச்சம் இருப்பது ஒரு காது சார் என்றேன். அவர் தாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபரேட்டருக்குக் காது கேட்கவில்லை என்று எழுதி அனுப்பவும் தனக்குத் தெரியும், அனுப்பினால் டாக்டர் சோதனை, சோதனையில் தவறினால் வீடு என்றார். பிறகு சிரித்துக்கொண்டே இதையும் சொன்னார்:

"ஒங்க அப்பா, அம்மா எல்லாம் இடியில காட்டுலயே நின்னு வேல செஞ்சவங்கதானே? ஒனக்கு மட்டும் நாற்காலியில உக்காந்தா பயமா?"

என் அப்பா இடி நேரத்தில் பருத்திச் செடிக்குள் குத்தவைத்துக் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பயமில்லாமல் நின்றதில்லை. போக இடமில்லாமல் நின்றார். அதை இந்த மனிதர் வீரமாக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் திரும்பிப் போய்ப் போர்டில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர், "பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காரு. இன்னொரு வேல எவன் குடுப்பான்?" என்றார். அவருக்கும் பயம். என் சம்பளம் போனால் அவர் சம்பளம் எங்கள் வீட்டுக்கும் என் அப்பா அம்மாவுக்கும் பத்தாது. நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் காது என்னுடையது.

சித்திரையில் முதல் கோடை மழை. மேற்கே வெட்டியது. நான் ஹெட்செட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். டிரங்க் பிளக்கை உருவினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சார் வாசலில் எண்ணிக்கொண்டிருந்தார். பத்தைத் தாண்டியதும் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவசரக் கால் ஒன்று காத்திருந்தது. போடும்மா என்றார். முடியாது சார் என்றேன். கவுன்டரில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். ஹெட்செட்டை மாட்டி, லைனைப் போட்டு, பேச்சை முடித்துக் கொடுத்தார்.

ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தியா?" என்றார் எல்லாரும் கேட்கும்படி. "அர்ச்சுனன் காப்பாத்தல?"

அது ஆகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? பட்டேன். ஒரே ஒரு முறிப்பு அவர் காதில் விழட்டும் என்று நினைத்தேன். விழவில்லை. எல்லா இடியும் எல்லார் காதிலும் விழுவதில்லை. அதுதான் இந்த வியாதியில் பெரிய அநியாயம். விழாதவன் சொல்வதுதான் ஊரில் எடுபடும்.

விளக்கம் கேட்டுக் காகிதம் கொடுத்தார். இடி இடித்தது, கழற்றினேன் என்று எழுதிக் கொடுத்தேன். எழுதி அனுப்புவதாக மிரட்டியதை அவர் செய்யவில்லை. செய்தால் எதனால் காது போயிற்று என்ற கேள்வி வரும். அது அவருக்கும் தெரியும். போர்டிலிருந்து எடுத்து என்னைக் கவுன்டரில் போட்டார். கால் பதிவு செய்வது, பணம் வாங்குவது. நான் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

போர்டில் யாராவது உட்கார வேண்டுமே. இடி நேரமெல்லாம் இப்போது அக்கா உட்கார்ந்தாள். என் முறையும் அவள் தலையில். வைகாசி முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒன் காது காது. என் காது என்னடி, களிமண்ணா?"

நீங்களும் கழட்டுங்க அக்கா என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஒனக்கு ஆலையில ஒரு சம்பளம் வருது. எனக்கு என்ன வருது? கழட்டிட்டு நான் எங்க போறது, சொல்லு" என்றாள். நான் என் காதைக் காப்பாற்றவில்லை, அடுத்தவள் காதை அடகு வைத்திருக்கிறேன் என்று அப்போது விளங்கியது. சாரை நினைத்து வந்த கோபத்தைவிட அன்று என் மேல் வந்த கோபம் அதிகம்.

ஆடியில் நானே சாரிடம் போய், போர்டுக்குத் திரும்புகிறேன் என்றேன். இடி சீசனில் என் முறை, அக்கா முறை இரண்டையும் நானே பார்க்கிறேன் என்றேன். அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்தார். முகத்தில் தெரிந்தது. புத்தி வந்துச்சா என்றார். வந்தது சார் என்றேன்.

ஆவணி போயிற்று, சின்னச் சின்ன உறுமல்தான், என் முறையில் எதுவும் வரவில்லை. புரட்டாசியில் வந்தது. மத்தியானமே மேற்கே இருட்டிக்கொண்டது. கவுன்டரில் நாலைந்து பேர் நின்றார்கள். முதல் வெட்டுக்கே கழற்றினேன். பிளக்கை உருவி மேஜைமேல் வைத்தேன். சார் உள்ளே வந்தார். இந்தத் தடவை கத்தவில்லை. என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ வந்து உக்காரும்மா."

அக்கா கவுன்டரிலிருந்து வந்தாள். கொக்கியில் தொங்கிய ஹெட்செட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் காதிலிருந்து பிடுங்குவேனா? பிடுங்கினால் இரண்டு பேர் வேலையும் போகும்.

"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தணும் சார்," என்றாள் அக்கா. "காலையிலேர்ந்து மறந்தே போயிட்டேன்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று பின்னறைக்குப் போய்விட்டாள்.

பேட்டரிக்குத் தண்ணீர் முந்தின நாள்தான் ஊற்றியிருந்தது. சாருக்கும் அது தெரியும். அவர் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்செட்டைக் கையில் எடுத்தார். வெளியே வெள்ளையாக வெட்டியது, ஓட்டு இடுக்கெல்லாம் வெளிச்சம். அவர் அர்ச்சுனன் பேரை ஆரம்பிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்துக் குமிழைத் துடைத்தார், மெதுவாக, வெகுநேரம் துடைத்தார். கொக்கியில் மாட்டினார். எழுந்து கவுன்டருக்குப் போய், லைன் பழுது, மழை விட்டதும் வாங்க என்று சொல்லிவிட்டு, பதிவிலும் அப்படியே எழுதினார்.

லைன் பழுது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடிக்கும் எங்கள் எக்ஸ்சேஞ்சில் அதுதான் எழுதப்பட்டது. இடி என்றோ, ஆபரேட்டர் காது என்றோ ஒரு நாளும் எழுதியதில்லை. எழுபதுகள் போய் எண்பதுகளிலும் அப்படித்தான் நடந்தது, ஆபரேட்டரே இல்லாத மிஷின் வரும் வரைக்கும். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அன்றைக்கு மழை ஓட்டின் மேல் இறங்கியது. போர்டுக்கு முன்னால் நானும், பின்னறையிலிருந்து வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்ட அக்காவும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒவ்வொரு வெட்டுக்கும் யாரும் கைப்பிடியைச் சுற்றாமலேயே ஷட்டர்கள் விழுந்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு ஒரு பெரிய வெட்டில் மொத்த வரிசையும் படபடவென்று கொட்டிற்று. மண்டி, மில், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, எல்லாம் ஒரே நேரத்தில் கூப்பிட்ட மாதிரி. இடி அங்கே நின்றுகொண்டு கதவைத் தட்டிற்று. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை விட்டதும் ஷட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டேன். வலது காதில் சத்தம் ஏறியிருந்தது, வழக்கம்போல. பிளக்கைச் செருகி, குமிழை இடது காதில் மாட்டினேன். முதல் ஆளாக, சில்வண்டு மாதிரி கத்திக் காட்டிய அந்த மண்டிக்காரர்தான் லைனில் வந்தார். சம்பளம் வாங்கிட்டுத் தூங்கறீங்களா, ஒங்க அப்பன் வூட்டு லைனா, எழுதிப்போட்டு ஒன்னத் தூக்கிருவேன் என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து திட்டினார். அந்தக் காதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.